வலக்கைக்கு மிஞ்சிய வேலை

ஜூலை 5, சனிக்கிழமை

துன்பப்படுகிறவனிடம் சென்று, உன் துன்பத்துக்குள் ஓர் உயர்ந்த நோக்கம் மறைந்திருக்கிறது என்று உபதேசிப்பது எளிது; படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எளிதன்று. சிறுநீரகங்கள் இரண்டும் தம் தொழிலைக் கைவிட்டபின், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்க வேண்டியவனாகிவிட்ட என்னிடம், அன்புள்ள நண்பர்கள் பலர் இந்த உபதேசத்தைச் செய்துவிட்டார்கள். இன்றும் ஒருவர் வந்திருந்தார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், இடக்கையில் இறங்கும் இரண்டு ஊசிகளில் ஓர் அர்த்தத்தையும் நான் காணவில்லை. குடிக்கும் தண்ணீரை அளந்து குடிப்பதிலும், கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கும் தசைப்பிடிப்பிலும் காணவில்லை. நோய் நோய்தான், அதற்குப் பொன்முலாம் பூசுவது நோயாளிக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

என்னை அதிகமாக வாட்டுவது வலி அன்று. ஓய்வு பெற்றபின் பொள்ளாச்சி முதல் தாராபுரம் வரை ஊர் ஊராகச் சென்று, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துச் சொற்களையெல்லாம், அந்தத் தொழிலைக் கையால் செய்த கடைசி மனிதர்கள் இருக்கும்போதே கேட்டுத் தொகுத்துவிட வேண்டும் என்று, ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம் சங்கற்பம் செய்துகொண்டிருந்தேன். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு மெல்ல மெல்லத் தோட்டத்துக் கிணறுகளில் எல்லாம் மோட்டார் பூட்டப்பட்டபின், கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பதைக் கண்ணால் கண்டவர்களே அருகிவிட்டார்கள். இப்போது அவர்களைத் தேடி நான் போக முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் இந்தக் கட்டிலுக்குத் திரும்ப வேண்டியவன் எவ்வளவு தூரம் போவான்?

ஜூலை 7, திங்கட்கிழமை

1908ஆம் வருஷம் இதே ஜூலை 7ஆம் தேதி, திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்குத் தண்டனை விதித்தார். ராஜத் துரோகத்துக்கு இருபது வருஷம், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது வருஷம், ஆக நாற்பது வருஷம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைக்கப்பட்டது என்பது பின்னால் நிகழ்ந்தது. அன்றைய தினம் அந்த நீதிமன்றத்தில் நின்றவர், எழுபத்தைந்து வயதில் வெளியே வருவதைத்தான் கண்முன் கண்டிருக்க வேண்டும். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப்போனார்.

பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். கப்பலோட்டினார், செக்கிழுத்தார் என்று இரண்டு வாக்கியங்களில் அந்த ஜீவிதத்தை முடித்துவிடுவது நம்முடைய வழக்கம். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதனுடைய லட்சியம் முற்றாக உடைந்துபோயிற்று என்பதையும், உடைந்தபின் அவன் எதைக் கொண்டு உயிர் தரித்தான் என்பதையும் நாம் நின்று கேட்பதில்லை. 1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாக நாற்பதாயிரம் பங்குகள் விற்பதென்று சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடச் செய்தவர் அவர். போட்டிக் கம்பெனியோ பிரயாணக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. உள்ளே இருந்து அந்தச் செய்தியைக் கேட்டவருடைய மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன். எந்தக் காரியத்துக்காகச் சிறை புகுந்தாரோ அந்தக் காரியமே வெளியில் இல்லை.

ஜூலை 9, புதன்கிழமை

1908இல் இதே தேதியில்தான் அவரைக் கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் இழுத்த செக்கு இன்றும் அச்சிறை வளாகத்தில் இருக்கிறது. பிறந்த நாளில் அதற்கு மாலை சாத்துகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் செக்கை வணங்கும்போது, செக்கிழுத்ததே ஒரு தவம் என்று எண்ணிவிடும் அபாயம் இருக்கிறது. அவர் அப்படி எண்ணவில்லை. அகவற்பாவில் எழுதிய சுயசரிதையில், முதலில் சணல் இயந்திரத்தைச் சுற்றவிட்டதில் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்ததையும், பிறகு வெயிலில் செக்கில் பூட்டப்பட்டதையும், கொடுமை கொடுமையாகவே இருக்கும்படி சொல்லியிருக்கிறார். சிறையில் இருந்தபடியே மனு மேல் மனுவாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே, வாழ்வில் ஒரு நோக்கம் இருந்தால் எந்த அநீதியையும் புன்னகையோடு சகித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், அதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க இயலாது.

அவர் செய்தது வேறு. பகலெல்லாம் உடம்பை வேலை வாங்கிக்கொண்ட அதிகாரத்தால் தொட முடியாமல் மிஞ்சிய நேரத்தில், ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றை எடுத்துத் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ என்ற அந்த நூல், அவர் உள்ளே இருக்கும்போதே, 1909இல் வெளிவந்தது. ஆங்கிலேய அரசாங்கம் பூட்டிய கூண்டுக்குள் இருந்துகொண்டு ஓர் ஆங்கிலேயருடைய நூலைத் தமிழ் மக்களுக்குப் பிரயோஜனப்படும் என்று பெயர்த்த அந்த விசாலமான மனத்தை எத்தனை முறை வியந்தாலும் தகும்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றையும் எழுதிவைக்கிறேன். மனத்தின் நினைவுகளே மனிதனுடைய சூழ்நிலையை உண்டாக்குகின்றன என்ற அந்த நூலின் சித்தாந்தத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்வதற்கில்லை. சிதம்பரம் பிள்ளையின் கால் விலங்கை அவருடைய நினைவுகளா உண்டாக்கின? என் சிறுநீரகங்கள் என் நினைவுகளாலா பழுதுபட்டன? அவரைத் தாங்கியது சித்தாந்தத்தைவிட அதைத் தமிழாக்கும் பிரயாசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இதைத் தூத்துக்குடியில் ஒரு கடைக்காரர் படித்தால் விளங்குமா, ஒட்டப்பிடாரத்தில் ஒரு சம்சாரி படித்தால் விளங்குமா என்று யோசிக்கத் தொடங்கிய கணத்தில், அந்த மனிதன் கைதியாக மட்டும் இருப்பதில்லை. எங்கோ இருக்கும் ஒரு வாசகனுக்குக் கடமைப்பட்டவனாகிவிடுகிறான். உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கடமை உணர்ச்சிதான்.

அதே சிறையில் தொல்காப்பியத்தையும் கற்கத் தொடங்கினார். 1910 டிசம்பரில் கண்ணனூருக்கு மாற்றப்பட்டபின், ‘மெய்யறிவு’, ‘மெய்யறம்’ என்னும் நூல்களை அங்கே இயற்றினார். 1912 டிசம்பர் 24ஆம் தேதி அவர் விடுதலையானபோது, கூட்டங்கூட்டமாக வந்து வரவேற்க ஜனங்கள் இல்லை. வக்கீல் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை. வறுமை 1936இல் அவர் கண் மூடும் வரையில் அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை. ஆனாலும் 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் தேடிப் பதிப்பிக்கும் பணியில் பின்னும் பல வருஷம் உழைத்தார். கப்பலை இழந்தவர் ஏட்டுச்சுவடியை எடுத்துக்கொண்டார். முதலாவதற்கு இரண்டாவது ஈடாகுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

ஜூலை 12, சனிக்கிழமை

இயந்திரத்தின் பக்கத்தில் படுத்தபடி வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். யூதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கும், 1944இல் அவுஷ்விட்ஸுக்கும் கொண்டுபோகப்பட்டவர். தம்முடைய ஆராய்ச்சியின் பலனாகிய கையெழுத்துப் பிரதியை மேலங்கிக்குள் மறைத்து வைத்திருந்தார். அவுஷ்விட்ஸில் அங்கியோடு அதுவும் பறிபோயிற்று. பிறகு வேறொரு முகாமில் டைபஸ் ஜுரத்தில் கிடந்தபோது, கிடைத்த காகிதத் துண்டுகளில் அந்த நூலின் குறிப்புகளை மீண்டும் எழுதலானார்.

அவர் 1945 ஏப்ரலில் உயிரோடு மீண்டதைக் காட்டி, நோக்கம் உடையவர் பிழைப்பார் என்று சொல்வோர் உண்டு. அவருடைய தாயும் தந்தையும் அண்ணனும் இளம் மனைவியும் மீளவில்லையே! அவர்களுக்கு வாழ்வில் நோக்கம் இல்லாமலா போயிற்று? முகாம்களில் மரணம் நோக்கம் பார்த்து வரவில்லை. நோக்கம் உயிருக்குக் காப்புறுதி அன்று. உயிர் இருக்கும்வரையில் அந்த உயிரைத் துன்பம் முழுவதுமாக விழுங்கிவிடாமல் தடுத்து நிற்பது ஒன்றே அதனால் ஆகும்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சியாகச் சுப்பிரமணிய சிவாவின் நினைவு வந்தது. சிதம்பரம் பிள்ளையோடு தண்டிக்கப்பட்டவர், சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று அரசாங்கம் தடுத்தபின், நடந்தும் கட்டை வண்டியில் ஏறியும் ஊர் ஊராகச் சென்று பேசினார். தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழும்புமுன், 1925 ஜூலை 23ஆம் தேதி, அந்த ஊரிலேயே இறந்துபோனார். நிறைவேறாத நோக்கத்தோடு புண்பட்ட பாதங்களால் நடந்த அந்த மனிதர், நிறைவேறிய எத்தனையோ பேரைவிட எனக்கு அதிகத் தைரியம் தருகிறார்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை

பக்கத்துக் கட்டிலுக்குப் பல்லடம் பகுதியிலிருந்து வரும் பெரியவர் ஒருவரோடு இத்தனை நாளும் ‘சாப்டீங்களா’ என்ற அளவிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன். இன்று ஏதோ ஓர் எண்ணத்தில், “உங்க தோட்டத்துல கவலை ஓட்டியிருக்கீங்களாங்க?” என்று கேட்டேன்.

“ஓட்டாம என்னங்க வாத்தியாரே! மீசை அரும்பறதுக்கு மின்னாலயே எங்கய்யன் என்னைய வடக்கயித்து மேல உக்கார வெச்சுட்டாருங்க” என்றவர், தண்ணீர் நிரம்பிய சால் மேலே வருவதையும், வால்கயிறு இழுக்க அதன் தோல் வாயாகிய தும்பி உருளைக்கு மேல் வந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டுவதையும், ஊசி குத்திய கையை மறந்து இரு கைகளாலும் காட்டத் தொடங்கினார். “பெரியவரே, கைய ஆட்டாதீங்க!” என்று செவிலிப்பெண் ஓடிவந்தாள்.

என் இடக்கை இயந்திரத்துக்கு உரியது, வலக்கை என்னுடையது. நோட்டுப்புத்தகத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். இடையில் தசைப்பிடிப்பு வந்தது. வந்தபோது எழுத முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், அது விட்டதும், “வடம் எத்தனை முழங்க?” என்று விட்ட இடத்திலிருந்து கேட்டேன்.

நான் தேடிப் போக நினைத்த மனிதர்கள், கோவை, திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து, என்னைப் போலவே சிறுநீரகம் கெட்டு, என்னைச் சுற்றியே படுத்திருக்கிறார்கள். இதற்காக நோய்க்கு நன்றி சொல்ல நான் ஆயத்தமாக இல்லை. உடம்பு நன்றாக இருந்து, தோட்டத்தில் கிணற்று மேட்டிலேயே நின்று இவரைக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை 17, வியாழக்கிழமை

இன்று எதிர்க் கட்டிலில் இருப்பவரும் சேர்ந்துகொண்டார். கோவில்பட்டிச் சீமையில் பிறந்து, பஞ்சாலை வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர். “கவலையாவது ஒண்ணாவது! அதுக்குப் பேரு கமலைய்யா” என்று அவர் ஆரம்பிக்க, பல்லடத்துப் பெரியவர், “எங்க பாட்டன் காலத்துல இருந்து கவலைதானுங்க” என்று விடாப்பிடியாக நிற்க, வார்டு முழுவதும் காது கொடுத்தது. இரண்டையும் ஊர்ப்பெயரோடு குறித்துக்கொண்டேன். பிறகு சாலின் கொள்ளளவு, வடம் திரிக்கும் முறை, மாட்டுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. சால் இறங்குவதற்காக மாடுகள் பின்னோக்கி நடக்கும்போது பாடும் பாட்டைப் பற்றிக் கேட்பதற்குள் பெரியவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது; கால்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். கண்ணைத் திறந்ததும், “பாட்டு நம்ம வூட்டுக்காரிக்கும் தெரியுமுங்க, வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கறா” என்றார்.

சனிக்கிழமை அந்த அம்மாளைக் கேட்க வேண்டும். புது நோட்டுப்புத்தகம் ஒன்றும் வாங்க வேண்டும்.