திருத்தணி காட்டும் இரு வழிகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திருத்தணி. முருகன் கோயிலுக்கு ஏறும் படிகள் 365. அவை ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர் அன்பர்கள். அடிவாரக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். பிள்ளைகளோடு இவ்வூருக்கு வரும் குடும்பம், எல்லைப்புற வாழ்வு இன்னதென்பதை ஒரே நாளில் கண்ணாலும் செவியாலும் கற்றுச் செல்லலாம்.

பயணம் இத்துணை கற்பிக்குமாயின் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இன்று நம் நாட்டிலும் உளர். அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் இக்கொள்கைக்கென்றே 1977-இல் ஓர் இதழைத் தொடங்கினார். பிள்ளை தன் ஆர்வத்தின் வழியே தானே கற்கும் என்பது அவர் துணிபு. நன்று. ஆனால் அவ்வாறு வளர்ந்த பிள்ளையே ஒருநாள், "அப்பா, நான் பள்ளிக்கூடம் போகிறேன்" என்றால் என் செய்வது? திருத்தணியோடு தொடர்புடைய இருவர் வாழ்வு இதற்கு ஒளி தருகின்றது.

ஒருவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். 1888-இல் இங்கே பிறந்தவர். திருப்பதியில் லுத்தரன் சபையார் நடத்திய பள்ளியிலும், வேலூரிலும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கல்வியே அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. அவர் பிறந்தநாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

மற்றவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி அதனுள் சென்றது. அதனை மீட்க எல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் இவர். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இப்பெருமகனார் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரைதான்! அன்னையின் வாய்மொழியும், அச்சுக்கோக்கும் தொழிலும், பழைய புத்தகக் கடைகளும், சிறைச்சாலையும் அவருக்குப் பள்ளிகளாயின.

பார்த்தீர்களா, பள்ளியில்லாமலும் உயரலாமே என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. ம.பொ.சி. பள்ளியை வேண்டாமென்று விட்டவரல்லர். வறுமை அவருக்குக் கதவை அடைத்தது. இராதாகிருஷ்ணனோ, உறவினர் ஒருவர் படித்து முடித்துத் தந்த பழைய நூல்களைக் கொண்டே தத்துவம் பயின்றார். ஆக, இருவரையும் வளர்த்தது கற்கும் வேட்கையே. அவ்வேட்கை பள்ளியை நாடும்போது தடுப்பதும், பள்ளிக்கு வெளியே மலரும்போது நசுக்குவதும் ஒரே பிழையாகும்.

ஊர் ஊராய்ச் சென்ற பிள்ளைக்கு வகுப்பில் இடம் கிடைக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 2010 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டுமென்று கூறுகிறது. வீட்டிலிருந்தே பயில்வோர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுகளும் உண்டு.

எஞ்சியது குடும்பத்தின் ஒழுங்கு. ஒரு பிள்ளை பள்ளிக்கும் மற்றது வீட்டிலும் பயில்வதாயின், இருவரையும் ஒப்பிட்டுப் பேசற்க. பள்ளி நாள்களை மதித்துப் பயணத்தை விடுமுறைக்கு ஒதுக்குக. தந்தையின் கொள்கைக்காக மகளின் தேர்வு நாள் பலியாக வேண்டாம். அவ்வாறே மதிப்பெண்ணுக்காக விடுமுறைகளையெல்லாம் தனிவகுப்புக்குத் தாரை வார்ப்பதும் வேண்டாம். தொலைதூரம் போக இயலாத குடும்பமும் ஒரு சனிக்கிழமை திருத்தணிவரை போய்வரலாமே!

பாஸ்கா திருவிழாவுக்குக் குடும்பமாகப் பயணம் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசுவை நினைவுகூர்வோம். உறவினர் கூட்டம் ஊர் திரும்பியபோது, அவர் யெருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார். மரியன்னையும் சூசையப்பரும் மூன்று நாள் கலங்கித் தேடினர். மகன் கூறியது அவர்களுக்கு விளங்கவில்லை. எனினும் அன்னை அதனை உள்ளத்தில் பதித்துக்கொண்டாள். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று பணிந்து நடந்தார். பெற்றோர் செவிகொடுப்பதும் பிள்ளை பணிவதும் கூடிய இல்லமே, பயணத்திலும் பள்ளியிலும் வழி தவறாது.