அமுக்கு, பிடி, விடு

ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'பிளீடிங்' என்று பெயர். ரத்தம் வடிப்பது போல பிரேக் ஆயிலை வடிப்பதால் வந்த பெயர். புனேயின் மெக்கானிக்குகள் 'ஹவா நிகால்னா' என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் 'ஏர் எடுக்கறது'. நம் ஊர்ப் பெயர்கள்தான் சரி. வடிகிற ஆயில் முக்கியமில்லை. வெளியேற வேண்டிய காற்றுதான் விஷயம். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால் காலின் அழுத்தம் அப்படியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் அந்த அழுத்தம் குமிழியைச் சுருக்குவதில் வீணாகிறது. பெடல் பஞ்சாக இறங்குகிறது. கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை.

பிம்ப்ரி - சிஞ்ச்வட் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் இது இருபது வருடங்களுக்கு மேலாகக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து செய்த வேலை. கார், 1997ல் வாங்கிய வெள்ளை மாருதி 800. கணவர் சக்கரத்தருகே கோணிப்பையை விரித்துப் படுத்திருப்பார். மனைவி டிரைவர் சீட்டில். "அமுக்கு" என்று கீழிருந்து குரல் வரும். "அமுக்கிட்டேன்." "பிடி." நிப்பிள் திறக்கும், ஆயில் ரப்பர் குழாய் வழியே பாட்டிலுக்குள் சீறும், பெடல் தரைவரை போகும். நிப்பிளை மூடிய பிறகே "விடு." ஒரு கணம் முந்திக் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை. பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட இந்த மூன்று வார்த்தைகளுக்கு விலக்கு உண்டு என்று சிரிக்கிறார் மனைவி.

2022ல் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நடக்கிறார், மாடி ஏறுகிறார். ஆனால் பெடலை ஐம்பது அறுபது தடவை தரைவரை மிதிக்க அவர் தயாராக இருந்தாலும் கணவர் கேட்கத் தயாரில்லை. மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளுடைய யோசனை எளிமையானது: "காரை வித்துடுங்கப்பா. இல்லைன்னா பட்டறையில விடுங்க."

பட்டறையில் விட்டுப் பார்த்தாகிவிட்டது. 2019ல், வேலை மிகுதியால், ஒரு பட்டறையில் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மே மாதம் பஞ்ச்கனிக்குப் போய்விட்டு பசரணி மலைப்பாதையில் வாயி ஊரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, ஏழெட்டு வளைவுகளுக்குப் பின் பெடல் காலுக்குக் கீழே காணாமல் போயிற்று. இரண்டாவது கியருக்கு இறக்கி, கைபிரேக்கைப் படிப்படியாக இழுத்து (அது ஒயரில் இயங்குவது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) மலைப்பக்கச் சரளையில் வண்டியை நிறுத்தினார். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நிப்பிளைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. பானெட்டுக்குக் கீழே இருக்கும் டப்பாவில் ஆயில் தேன் நிறத்தில் புதிதாக இருந்தது. சக்கரத்திலிருந்து வந்ததோ டிகாக்‌ஷன். மேலே இருந்ததை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றியிருந்தார்கள். குழாய்களைத் தொடவே இல்லை. பில்லில் மட்டும் முழு வேலைக்கான கூலி.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 140 டிகிரியோடு திருப்தி அடைகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். கொதித்தால் நீராவி. நீராவி சுருங்கும். ஆறினால் மறுபடி திரவம். பெடல் காணாமல் போனதும் திரும்பி வந்ததும் இப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள் என்று சொல்வது வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். சஹ்யாத்ரியின் மழைக்காலத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

எனவே வேறொருவர் கையில் கொடுக்க மனமில்லை. உடனிருந்த கால்களுக்கும் ஓய்வு. ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபோர்மேனான கணவர், எழுபத்தொரு வயதில், கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் ஒன்றை வாங்கினார். துப்பாக்கி மாதிரிப் பிடி, மேலே ஒரு மீட்டர், இரண்டு துண்டுக் குழாய், நடுவில் மூடிபோட்ட சின்ன ஜாடி. 'ஒரே ஆள் போதும்' என்று பெட்டியில் எழுதியிருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு, "ஓஹோ" என்றார்.

உண்மையில் ஒரே ஆள் இல்லை. இரண்டாவது ஆள் மாறிவிட்டார், அவ்வளவுதான். கால் இருந்த இடத்தில் இப்போது ஆகாயம். பம்ப் சக்கரத்துப் பக்கம் காற்றை உறிஞ்சி எடுக்கிறது. மேலே திறந்திருக்கும் டப்பாவில் வளிமண்டலம் ஆயிலைக் கீழே தள்ளுகிறது. அதன் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர், அதாவது முப்பது அங்குலம் அளவு. புனேயின் உயரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு. கைப் பம்பில் இருபது அங்குலம் காட்டினாலே பெரிது. நெம்புகோலின் உதவியோடு கால் தரும் அழுத்தம் இதைப் போலப் பல பத்து மடங்கு. ஆகாயம் பொறுமைசாலி, பலசாலி அல்ல.

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தாயிற்று. (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுப்பவர்களுக்குப் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட உரிமை இல்லை.) டப்பாவின் பழைய ஆயிலை ஊசி இல்லாத சிரிஞ்சால் எடுத்துவிட்டு, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து புதியதை ஊற்றினார். தூரத்துச் சக்கரம் முதலில் என்பது பழைய கார்களில் பொதுவான வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். காரின் கையேடு வேறு சொன்னால் அதுதான் வேதம். ஏபிஎஸ் உள்ள புதிய கார்களில் சிலவற்றுக்குக் கம்ப்யூட்டர் கருவியும் தேவைப்படும். அங்கே இந்த வீரம் செல்லாது. துருப்பிடித்த நிப்பிளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தார். நிப்பிள் ஒடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்ல, வாரமே போய்விடும்.

குழாயை மாட்டி, பிடியை எட்டுப் பத்து தடவை அழுத்தினால் முள் ஏறுகிறது. நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் ஜாடிக்குள் பழுப்பு நிறத்தில் ஆயில். முள் பூஜ்யத்துக்கு வருமுன் மூட வேண்டும். பிறகு எழுந்து போய் டப்பாவில் அளவைப் பார்க்க வேண்டும். அது வற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று புகுந்து எல்லாம் முதலிலிருந்து. தனியாகச் செய்வதன் உண்மையான விலை இதுதான்: படு, எழு, பார், படு. மனைவியின் முழங்காலைக் காப்பாற்றியதற்கு இவருடைய முழங்கால் வட்டி கட்டியது.

அதைவிடப் பெரிய தொல்லை குமிழிகள். ஆயில் தெளிந்து புதிய நிறம் வந்துவிட்டது. ஆனால் ஜாடிக்குப் போகும் குழாயில் குமிழி நின்றபாடில்லை. அரை லிட்டர் தீர்ந்தது. சோடாவைப் போல ஒரே சீராக, சின்னச் சின்னக் குமிழிகள். காலால் அழுத்தும்போது இப்படி வராது, ஏனென்றால் அப்போது ஆயில் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளப்படுகிறது. உறிஞ்சும்போது நிப்பிளின் மரைகளைச் சுற்றியிருக்கும் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே வருகிறது. பிரேக் குழாயில் இல்லாத காற்றை விரட்டிக்கொண்டிருந்தது பம்ப். மரையின் வெளிப்புறத்தில் கெட்டியாக கிரீஸ் பூசிய பிறகு குமிழிகள் முக்கால்வாசி அடங்கின. வட்டமாக, விட்டுவிட்டு வரும் பெரிய குமிழிதான் உள்ளேயிருந்து வருவது. அது மூன்று தடவைதான் வந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு நான்கு சக்கரமும் முடிந்தது. பெயிண்டில் சிந்திய ஆயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு (துடைத்தால் மட்டும் போதாது, பெயிண்டைத் தின்றுவிடும்), சீட்டில் ஏறி மிதித்தார். பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. முகமும் இறங்கியது. பம்பின் மீட்டர் உறிஞ்சும் அளவைச் சொல்லும். வேலை முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. இன்னொரு பாட்டில் வாங்க நானாபேட்டைக்குக் கிளம்பியவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி நிறுத்தினார்.

"என்னங்க, அடியில போய் எப்படி நிக்கிது? இட்லி மாதிரி அமுங்குதா, அம்மிக்கல்லு மாதிரி நிக்கிதா?"

யோசித்தார். மறுபடி மிதித்தார். "கல்லுதான்."

"உடனே இன்னொரு தடவை மிதிச்சா?"

"மேல வந்து நிக்கிது. அதுவும் கல்லு."

"அப்ப காத்து இல்ல. பின் சக்கரத்து ஷூ தள்ளி நிக்கிது. 2008ல இப்படித்தான் இருந்துச்சு. நீங்க ரெண்டு பாட்டில வீணாக்குனீங்க."

காற்று இருந்தால் பெடல் ஆரம்பத்திலிருந்தே துள்ளும், எங்கும் கெட்டியாக நிற்காது. டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமானால் அந்த இடைவெளியைக் கடக்கிறவரை பெடல் சும்மா இறங்கி, பிறகு திடமாக நிற்கும். ஷூ பின்வாங்குமுன் உடனே இரண்டாவது தடவை மிதித்தால் உயரத்திலேயே நிற்கும். ஃபோர்மேனுக்கு இது தெரியாதது அல்ல. ஆனால் அத்தனை வருடமும் அவர் இருந்தது நிப்பிள் பக்கம். பெடல் பக்கம் இருந்தது வேறொரு கால்.

அடுத்த ஞாயிறு பின் டிரம்களைக் கழற்றினார். இடது பக்க அட்ஜஸ்டர் துருவேறி அசையாமல் நின்றிருந்தது. சுத்தம் செய்து இடைவெளியைக் குறைத்ததும் பெடல் மேலேயே நின்றது. ஒரு சொட்டு ஆயில் செலவில்லை. சீல் உடைத்த பாட்டிலில் மிஞ்சியிருந்ததை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. மூடிவைத்தாலும் ஈரம் குடிக்கும் என்று பழையதோடு கொட்டினார்கள். டிசம்பரில் பஞ்ச்கனிக்குப் போய் வந்தார்கள். பசரணி இறக்கம் முழுவதும் இரண்டாவது கியர்தான்.