சாங்கி வாசலில் உங்கள் பெட்டி

பிள்ளைகளைக் காணவும் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கவும் சிங்கப்பூருக்குப் பிரயாணப்படும் பெற்றோர் இன்று நம் குடும்பங்களில் அநேகர். மும்பையில் இரவு விமானம் ஏறினால் விடியும்போது சாங்கி விமான நிலையம். நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்திய ஊர். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள தேசமாதலால், இறங்கியதும் அந்நியம் தோன்றாது. ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருமுன் பச்சை வழி, சிவப்பு வழி என இரண்டு வழிகள் உங்கள் முன் நிற்கும். எதில் நடப்பது என்பதை நம் வீட்டிலேயே, பெட்டி கட்டும் இரவிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

சென்ற ஆண்டு நாங்கள் புறப்பட்ட வேளையில், எதிர்வீட்டுத் தாயார் ஒருவர் துணியில் தைத்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் தம் மகனுக்காம். "திறந்து பார்க்கலாமா, அக்கா?" என்று என் மனைவி கேட்டபோது அவர் முகம் வாடியது. "என்னையே சந்தேகிக்கிறாயா?" என்றார். எங்களுக்கும் மனம் கூசியது. ஆயினும் தையலைப் பிரித்தோம். எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, கால் கிலோ கசகசா, அடியில் மெல்லும் புகையிலைப் பாக்கெட்டுகள் பத்து.

கசகசா நம் குருமாவுக்கு ருசி. ஆனால் அது அபினிச் செடியின் விதை. அதில் மார்பின் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே சிங்கப்பூரின் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைசெய்யப்பட்ட பொருளாகக் கருதுகிறது. மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் அங்கே முற்றிலும் தடை. சூயிங் கம் 1992 முதல் தடைசெய்யப்பட்டது. 2004க்குப் பின் மருத்துவ வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது. ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்து வரி செலுத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை. முன்னாளில் காகிதமாக இருந்த வருகை அட்டையிலேயே இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. பெட்டியில் போதைப்பொருள் அகப்பட்டால், அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. "அடுத்த வீட்டார் கொடுத்தது" என்ற சொல் அங்கே போதாது.

இனி வரியைக் கவனிப்போம். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து வரும் பயணி, புதிதாக வாங்கிய பொருள்களையும் அன்பளிப்புகளையும் 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரை வரியின்றிக் கொண்டுசெல்லலாம். அதற்குக் குறைவான நேரமெனில் 100 டாலர் மட்டுமே. மிஞ்சிய மதிப்புக்கு, 2024 முதல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. உதாரணமாக, பேரனுக்கென 900 டாலர் மதிப்புள்ள தங்கச் சங்கிலி வாங்கியிருந்தால், 400 டாலருக்கு வரி கணக்கிட்டு 36 டாலர் செலுத்த வேண்டும். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு வழியில் சென்றால் காரியம் எளிதாக முடியும். மறைத்துப் பச்சை வழியில் சென்று அகப்பட்டால், ஏய்த்த வரியின் 20 மடங்கு வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ நேரலாம். வேலை அனுமதியில் அங்கே வாழும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த 500 டாலர் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரொக்கம் 20,000 சிங்கப்பூர் டாலர் மதிப்பைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். சொந்த உபயோகத்திற்கான மருந்துகள் மூன்று மாதத்திற்கு மேற்படாமல், மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன்அனுமதி தேவைப்படலாம், புறப்படுமுன் விசாரியுங்கள். வருகை அட்டையை இப்போது இணையத்தில், போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்கெனப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். விதிகள் மாறக்கூடியவை, ஆதலால் ஒவ்வொரு பிரயாணத்திற்கு முன்னும் சிங்கப்பூர் சுங்கத்துறையின் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள்.

அந்தத் தாயாரிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு தாமே கசகசாவையும் புகையிலையையும் எடுத்து ஒதுக்கினார். "புகையிலையை அவன்தான் கேட்டான். இது தெரிந்தா கேட்டான்?" என்றார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. ஊறுகாயும் முறுக்கும் மட்டும் எங்களோடு வந்தன. சாங்கியில் பச்சை வழியில் நடந்தபோது ஓர் அதிகாரி எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு மூடச் சொன்னார். என் மனைவியின் கை நடுங்கவில்லை.

வாசகரே, உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள். பிறர் பொட்டலத்தைத் திறந்து பாருங்கள். கேட்பதில் வரும் சங்கடம் ஒரு மாலையோடு தீர்ந்துபோகும்.