உள்ளுறை நஞ்சு

கலைப்பீட மாணவனாகிய நான் இரசாயனம் பற்றி எழுதப் புகுந்தமைக்கு என் அம்மம்மாவே காரணம். சிறுநீர்த் தொற்றினாற் காய்ச்சலுற்றுக் குளிரில் நடுங்கிய அவருக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, போர்வை போர்த்தி, இரண்டு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்தேன். வைத்தியசாலையிற் சேர்த்தபோது குருதியமுக்கம் சரிந்துவிட்டது. மறுநாள் அவர் காலமானார். கிராம்-எதிர் பற்றீரியா குருதியிற் பரவிவிட்டதென வைத்தியர் கூறினார். அவரைக் கொன்றது எது என்பதை அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. விஞ்ஞான பீடத்து நண்பனொருவன் நூல்கள் தந்துதவினான்.

1884 இல் டென்மார்க்கு நாட்டு வைத்தியரான கிறித்தியன் கிராம், பற்றீரியாக்களுக்குச் சாயமூட்டும் முறையொன்றை வெளியிட்டார். அற்ககோலாற் கழுவியதும் அவ்வூதாச் சாயத்தை இழப்பவையே கிராம்-எதிர் வகையின. இவற்றின் மெல்லிய சுவருக்கு வெளியே இன்னுமொரு மென்சவ்வு உண்டு. அதன் உட்படை பொசுபோ இலிப்பிட்டுக்களால் ஆனது. வெளிப்படையோ பெரும்பாலும் இலிப்போபல்சக்கரைட்டினால் ஆனது. இப்பெரு மூலக்கூற்றை மென்சவ்விற் பதித்து வைத்திருக்கும் அடிப்பகுதியே ‘இலிப்பிட்டு ஏ’ எனப்படும்.

அதன் அமைப்பு எளிமையானது. ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு குளுக்கோசமீன் வெல்லங்கள். அவற்றில் இரண்டு பொசுபேற்றுக் கூட்டங்கள். எசரிக்கியா கோலையில் 12 அல்லது 14 காபன் அணுக்கள் கொண்ட ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள். பொசுபேற்றுக்களின் எதிரேற்றங்களை மக்னீசியம், கல்சியம் ஆகியவற்றின் அயன்கள் இடைநின்று பிணைப்பதால், அயல் மூலக்கூறுகள் நெருங்கி நின்று மருந்துகள் பலவற்றைத் தடுக்கும் கவசமாகின்றன.

இக்கவசமே நஞ்சுமாகும். 1892 இல் றிச்சாட் பைபர், வாந்திபேதிக் கிருமிகள் இறந்த பின்னரும் கினியெலிகளைக் கொல்வதைக் கண்டு, கிருமியின் உடலோடு ஒன்றிய நஞ்சொன்று உண்டெனத் துணிந்தார். அதுவே அகநச்சு. 1985 இல் யப்பானிய இரசாயனவியலாளர் இலிப்பிட்டு ஏ மூலக்கூற்றைச் செயற்கையாகத் தொகுத்தபோது, நஞ்சு இதுவே என்பது ஐயமற நிறுவப்பட்டது.

ஆயினும், இந்நஞ்சு நம் கலங்களைத் தானே அழிப்பதில்லை என்று வாசித்தபோது திடுக்குற்றேன். வெண்குருதிக் கலங்களிலுள்ள ‘ரி.எல்.ஆர். 4’ என்னும் புரதம் அதனை இனங்காண்கிறது என 1998 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதன் பின் உடலே அபாயக்குரல் எழுப்புகிறது. நஞ்சு சிறிதாயின் காய்ச்சல் தோன்றும், கிருமிகள் அழியும். மிகுதியாயின் அக்குரல் அடங்குவதில்லை; குருதிக்கலன்கள் விரிந்து கசிய, அமுக்கம் வீழ்கிறது. அம்மம்மாவைக் காக்க எழுந்த உடலே அவரை வீழ்த்திற்று.

இதனை அறிந்ததும் ஒருகணம் ஆறுதலடைந்தேன். குற்றம் என்னுடையதன்று எனத் தோன்றிற்று. மீண்டும் வாசித்தபோது அவ்வாறுதல் நிலைக்கவில்லை. சிறிது, மிகுதி என்னும் வேறுபாட்டிலேயே யாவும் தங்கியுள்ளன. சிறிதாயிருந்தது பெருகுவதற்கு அந்த இரண்டு நாட்களைக் கொடுத்தவன் நானே. அவரது நடுக்கம் உடல் எழுப்பிய குரல். நான் அதனைப் போர்வையால் மூடினேன்.

இப்போதெல்லாம் வீட்டில் எவரேனும் காய்ச்சலில் நடுங்கினால், போர்வையோடு நின்றுவிடாது, வாகனத்துக்கும் ஆளனுப்புகிறேன்.