தூக்கி வைக்கற வீடு

ரெண்டு வாரமா ஒரே வீட்டு ஞாபகம். ஊர்ல இருக்கற வீடு இல்லைங்க, செமினாருக்காக நான் பேப்பர்ல கட்டின வீடு.

காஸ்டிங் பாடத்துக்கு ஆளுக்கொரு தலைப்புல பேசணும்னு சொல்லிட்டாங்க. நம்ம பசங்க பம்ப்செட், நூல் விலை, வெட் கிரைண்டர்னு வழக்கமான கோயமுத்தூர் சரக்கா எடுத்துக்கிட்டாங்க. நாம கொஞ்சம் வித்தியாசமா போவோமேன்னு நான் எடுத்தது 'ஃபேக்டரியில் செய்த வீடு'. தூண், உத்தரம், தளம் எல்லாத்தையும் தனியா அச்சுல வார்த்து, லாரியில கொண்டு வந்து, கிரேன் வெச்சு மாட்டிடறது. சென்னை பெரும்பாக்கத்துல இந்த மாதிரி 1,152 வீடு கட்டியிருக்காங்க. 2021 ஜனவரி 1 அன்னிக்கு அடிக்கல், 2022 மே மாசம் திறப்பு விழா. எங்க தெருவுல ஒருத்தர் மாடி எடுக்கவே அதைவிட அதிக நாளாச்சு!

கணக்கும் அழகா வந்தது. அச்சுக்கு ஆகறது நிலையான செலவு. 10 வீட்டுக்குப் பங்கு போட்டா மலைப்பா இருக்கும், 1,000 வீட்டுக்குப் போட்டா தூசு. ஃபவுண்டரி ஊர்ல பொறந்தவனுக்கு அச்சைப் பத்தி யாரும் சொல்லித் தரணுமா என்ன? ஜப்பான்காரர் ஷிகெரு பான் பத்தியும் ஒரு பக்கம் சேர்த்தேன். 1995 கோபே நிலநடுக்கத்துல வீடு இழந்தவங்களுக்குக் காகிதக் குழாயில சுவரும், மணல் ரொப்பின பீர் கிரேட்டுல அஸ்திவாரமுமா வீடு செஞ்சு கொடுத்த மனுஷன். 2001 குஜராத் நிலநடுக்கம் வந்தப்போ பூஜ்ல இடிஞ்ச கட்டட இடிபாட்டையே அஸ்திவாரமாப் போட்டார்.

முதல் பக்கத்துல நடூர் பத்தி எழுதியிருந்தேன். மறந்திருக்க மாட்டீங்க. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர், விடிகாலை மழை. சுமார் 20 அடி உயர காம்பவுண்ட் சுவர் இடிஞ்சு பக்கத்து ஓட்டு வீடுகள் மேல விழுந்து, தூக்கத்துலயே 17 பேர் செத்துப் போனாங்க. நான் அப்போ பத்தாங்கிளாஸ். டிவியில பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு. 'உறுதியான அச்சு வீடு இருந்திருந்தால்...' என்று பெருசா ஆரம்பிச்சிருந்தேன்.

இந்தப் பெருமையோட காலையில இட்லி சாப்பிடப் போனேன். காலேஜ் ஸ்டாப்புகிட்ட தள்ளுவண்டி போட்டிருக்கற அக்கா, "என்ன கண்ணு, கையில பேப்பரும் கட்டுமா?"ன்னு கேட்டாங்க. நானும் விலாவாரியா சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "வூடு எனக்கும் குடுத்திருக்காங்க கண்ணு. நல்ல வூடுதான், குத்தம் சொல்லக் கூடாது. கக்கூஸ் உள்ளயே இருக்குது"ன்னாங்க.

முன்னாடி அவங்க இருந்தது ஒரு குளத்தோரக் குடிசையில. அங்கிருந்து வண்டியை உருட்டிட்டு வந்தா கால் மணி நேரம். இப்போ வீடு ஊருக்கு வெளியே, ரெண்டு பஸ் மாறணும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனா இட்லி ஊத்தற நேரத்துக்கு பஸ் இருக்கணுமே? "அடுப்பு நாலரைக்குப் பத்த வெக்கோணும். முத பஸ்ஸு அதுக்கப்புறம்தான் வருது. அதனால வாரத்துல நாலு நாளு வண்டி பக்கத்துலயே, கடை வாசல்ல படுத்துக்கறேன்."

எனக்கு அடுத்த இட்லி இறங்கலைங்க.

கணக்கெடுக்க வர்றவங்க நோட்டுல அக்காவுக்கு வீடு இருக்கு. ராத்திரி 12 மணிக்கு யாராவது டார்ச் அடிச்சு எண்ணினா அக்கா வீடில்லாதவர். என் காஸ்ட் ஷீட்ல சிமெண்ட் இருந்தது, கம்பி இருந்தது, கிரேன் வாடகை கூட இருந்தது. வீட்டை எங்கே வைக்கறதுங்கற வரி மட்டும் இல்லவே இல்லை.

அதுக்கப்புறம் நடூர் பக்கத்தைத் திரும்பப் படிச்சா வெக்கமா இருந்தது. அங்க விழுந்தது வீடு இல்லை, வீட்டு மேல இன்னொருத்தர் சுவர். அதை அங்கத்து ஜனங்க 'தீண்டாமைச் சுவர்'னே சொன்னாங்க. அந்தச் சுவரோரமே அச்சு வீட்டைக் கொண்டுபோய் வெச்சிருந்தா என்ன மாறியிருக்கும்?

வயநாட்டைப் பாருங்க. 2024 ஜூலை 30 நிலச்சரிவு. முண்டக்கை, சூரல்மலை ஜனங்களுக்கு டவுன்ஷிப் கட்டக் கல்பெட்டாவுல எஸ்டேட் நிலத்தை எடுக்கப் போனா கோர்ட் வழக்கு. டிசம்பர் கடைசியிலதான் கேரள உயர் நீதிமன்றம் அனுமதிச்சது. அடிக்கல் 2025 மார்ச்ல. எட்டு மாசம்! உலகத்துலயே வேகமான கிரேன் இருந்தாலும் இந்த எட்டு மாசத்துல ஒரு நாளைக் கூடக் குறைச்சிருக்க முடியாது.

அதுக்காக அச்சு வீடு வேண்டாம்னு சொல்ல வரலை. நிலச்சரிவு, வெள்ளம்னு வந்தா மறுநாள் ராத்திரியே ஜனங்களுக்குக் கூரை வேணும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துல தார் ஷீட் கொட்டகையில ஜனங்க வெயில்ல வெந்ததைப் படிச்சவங்களுக்கு நல்ல தற்காலிக வீட்டோட அருமை தெரியும். ஆனா 'தற்காலிகம்'ங்கற வார்த்தையைப் பார்த்தா எனக்கு இப்போ பயம். நம்ம பூலுவபட்டி மாதிரி முகாம்கள்ல ஈழத்துல இருந்து வந்தவங்க சின்னச் சின்ன அறையில தலைமுறை தாண்டி இருந்தாங்க. 1983ல வர ஆரம்பிச்சவங்களுக்கு, 7,469 வீடு புதுசா கட்டித் தர்றோம்னு அறிவிப்பு வந்தது 2021ல. கொட்டகை போட சில நாள், அதை மாத்த 38 வருஷம்.

செமினார்ல கடைசிப் பக்கத்தை மாத்தி எழுதினேன். வீட்டு விலைக்குக் கீழே ரெண்டு வரி: நிலம், வேலைக்குப் போய் வர ஆகற நேரம். சார் பார்த்துட்டு, "நேரத்துக்கு எப்படிப்பா ரேட் போட்டே?"ன்னார். போடத் தெரியலை சார்னு ஒத்துக்கிட்டேன். 10க்கு 6 மார்க்.

அக்காகிட்ட மார்க்கைச் சொன்னேன். சிரிச்சாங்க. "அந்த வூட்டைத் தூக்கி வெக்கலாம்னு சொன்னியே, எங்க வேணா வெக்கலாமா?"

"வெக்கலாங்க்கா."

"அப்பறம் ஏன் கண்ணு அத்தன தூரத்துல வெக்கறாங்க?"