நூற்றுத் தொண்ணூற்றொன்பது

வானில் பறக்கும் ஒன்றை அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. அது பறப்பதற்கு முன் தரையில் குனிந்து நின்று உழைத்தவர்களை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவனாக என்னை ஆக்கியது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கேள்வி.

அன்று அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வகுப்பிற்குச் சென்ற நான், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ‘புஷ்பக்’ என்னும் ஆளில்லா ஆய்வு ஊர்தியைப் பற்றிப் பேசினேன். ஒருமுறை ஏவிய விண்ணூர்தியை மீட்டு மறுபடியும் பயன்படுத்த முடியுமா என்பதே அம்முயற்சியின் நோக்கம். அவ்வரிசையின் முதல் சிறகுடை ஊர்தி, 2016 மே 23ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து திட எரிபொருள் ராக்கெட் ஒன்றின் தலையில் அமர்ந்து புறப்பட்டது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஒலியினும் ஐந்து மடங்கு விரைவில் காற்று மண்டலத்துள் மீண்டு, வங்கக் கடலில் இறங்கியது.

அடுத்து, தரையில் இறங்கப் பழக வேண்டும். 2023 ஏப்ரல் 2ஆம் நாள், கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில், ஹெலிகாப்டர் ஒன்று இவ்வூர்தியை நாலரைக் கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிச் சென்று விடுவித்தது. அது தானே வழியறிந்து ஓடுபாதையில் வந்து இறங்கியது. கைதட்டி முடித்ததும் பொறியாளர்கள் செய்தது என்ன? இறங்கியபோது அறிந்தவற்றைக் கொண்டு சட்டகத்தையும் சக்கரக் கால்களையும் வலுப்படுத்தினர். 2024 மார்ச் 22இல் இரண்டாம் சோதனை நடந்தது. அதே ஆண்டு ஜூன் 23இல் மூன்றாம் சோதனை. மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரை தொட்ட அந்த மூன்றாம் முறையில், இரண்டாம் முறை பறந்த அதே உடலும் அதே கருவிகளுமே மாற்றமின்றிப் பயன்பட்டன. புதிதாய் ஒன்றைச் செய்து பறக்கவிடுவது அறிவின் வெற்றி. பறந்து வந்ததைச் சோதித்து மீண்டும் நம்பி அனுப்புவது பொறுப்பின் வெற்றி.

இவ்வழியில் முன்னோடியாக விளங்கியது அமெரிக்காவின் ‘எக்ஸ்-15’. 1959 முதல் 1968 வரை பறந்த இந்த ராக்கெட் விமானத்தைப் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று தன் இறக்கையின் கீழ் சுமந்து சென்று உயரத்தில் விடுவிக்கும். அதன்பின் அதன் எஞ்சின் எரிவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே. அந்தச் சிறு பொழுதுக்காகத் தரையில் நிகழ்ந்த ஆயத்தம் மிகப் பெரிது. குழாயில் சிறிது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் திரவ ஆக்சிஜன் பட்டு வெடிக்கக்கூடும். எஞ்சினுக்குப் பாய்மங்களைத் தள்ளும் சுழலியை இயக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அழுக்குப் பட்டாலே சிதைந்து கொதிக்கும். சுமந்து செல்லும்போதே திரவ ஆக்சிஜன் ஆவியாகிக் குறையும். தாய் விமானத்திலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1960 ஜூன் 8ஆம் நாள் தரைச் சோதனையிலேயே ஒரு விமானம் வெடித்தது. உள்ளே இருந்த விமானி ஸ்காட் கிராஸ்பீல்டு உயிர் தப்பினார்.

அதன் எரிபொருள் அமோனியா. தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அதே அமோனியா என்று சொன்னபோது, பாட்டி வாய்வழிக் கதை கேட்ட பிள்ளைகள் சிலர் முகம் மலர்ந்தது.

மூன்று விமானங்களும் சேர்ந்து மொத்தம் 199 முறை பறந்தன. இருநூறாவது பறப்புக்கு 1968 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பலமுறை ஆயத்தம் செய்தனர். ஒருநாள் கருவிக் கோளாறு. மற்றொரு நாள் வானிலை. டிசம்பர் 20இல் முயற்சி கைவிடப்பட்டது.

அப்போதுதான் அம்மாணவி எழுந்தாள். “இன்னும் ஒரு தடவை பறந்திருந்தால் இருநூறு ஆகியிருக்குமே, ஐயா?”

நான் உடனே விடை கூறவில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றின் ரப்பர் ஆலை என் நினைவில் எழுந்தது. அங்கே என் தந்தையார் எஞ்சின்காரர். உறைந்த பாலை உருளைகளுக்கிடையே கொடுக்கும் பெண்களுள் என் தாயாரும் ஒருவர். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு காலைப் பொழுதில், உருளையை நிறுத்தும் பிடி சரியாக விழவில்லை என்று கண்ட தந்தையார் எஞ்சினையே நிறுத்திவிட்டார். பழுது நீங்கும்வரை ஆலை ஓடவில்லை. பால் கெட்டியாகி வீணாயிற்று. மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துரைத்து, அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவமானத்தால் நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சொன்னது ஒன்றே: “உள்ள கைய வெச்சு வேல பாக்குறது உங்க அம்மாடா.”

பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வார்த்தை எனக்கே சோதனையாக வந்தது. 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அப்போது நடைமுறையில் இருந்தது. எங்கள் பள்ளி அவ்வாண்டு முழுத் தேர்ச்சி பெறும் நிலையில் இருந்தது, ஒரே ஒரு மாணவனைத் தவிர. ‘அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கட்டுமே’ என்று நலம் விரும்பி ஒருவர் காதோடு சொன்னார். அந்த யோசனையை இரண்டு இரவுகள் என் மனம் எடைபோட்டுப் பார்த்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் அவன் வீட்டிற்கு நானே சென்று, தேர்வுக்கு நேரத்தோடு வரும்படி சொல்லிவிட்டு வந்தேன். அவன் எழுதினான்; இரண்டு பாடங்களில் தவறினான். முழுத் தேர்ச்சிப் பட்டியலில் எங்கள் பள்ளியின் பெயர் இடம்பெறவில்லை.

செய்வதற்கு முன் ஆய்ந்து தெளிவதற்கென்றே ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர். ஆய்ந்தபின் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லவும் துணிவு வேண்டும். அத்துணிவுக்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை. சில வேளைகளில் கூலிப்பிடிப்புத்தான் உண்டு.

இன்று அந்த ஆலை இல்லை. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. தந்தையாரும் மறைந்துவிட்டார். அவர் எஞ்சின் ஓட்டிய காலமெல்லாம் அந்த உருளையில் ஒரு பெண்ணின் விரலும் சிக்கவில்லை. அதை எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

அம்மாணவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “இருநூறு ஆகியிருக்கலாம், அம்மா. ஆனால் அன்று பறக்க ஏற்ற நிலை இல்லை, பறக்க வேண்டியவர் ஒரு மனிதர்” என்றேன்.

அவள் தலையசைத்து அமர்ந்தாள். கரும்பலகையில் எழுதியிருந்த 199 என்னும் எண்ணை அன்று நான் அழிக்காமலே வகுப்பை விட்டு வந்தேன்.