ரெண்டு கையும் சும்மா இருக்கணும்

2011 நவம்பர் மழை திருப்பூர்க்காரங்க யாருக்கும் மறக்காது. சங்கிலிப்பள்ளம், ஜம்மனை ஓடையெல்லாம் பொங்கி வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்ப நான் சின்னப் பையன். அம்மாவோட ஒரு கைல நான், இன்னொரு கைல ரேஷன் கார்டு இருந்த கட்டப்பை. ஜன்னல் கம்பியைப் பிடிக்க ஒரு கை வேணுமே... பையை விட்டுட்டாங்க. புது கார்டுக்காக அப்பா பனியன் கம்பெனிக்கு லீவு போட்டு அலைஞ்சது தனிக்கதை.

அதனாலதான் மக்களே, போன வாரம் இடுப்புல கட்டற ஜிப் பை ஒண்ணு வாங்கினேன். பை சின்னது, எதை விடறதுங்கறதுதான் கணக்கே. கடைசில தேறினது: பிளாஸ்டிக் கவர்ல கார்டு ஜெராக்ஸ், டார்ச், விசில், பாட்டிக்கு மூணு நாள் மாத்திரை, சில்லறையா 500 ரூபாய்.

அம்மா கட்டிப் பார்த்தாங்க. ரெண்டு கையையும் விரிச்சுப் பார்த்தாங்க.

"அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கு கண்ணு."